லண்டனில் பிறந்து ஷாங்காயில் வாழ்க்கைப்பட்ட ஃபிளாஸ்க்

சீனாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன நம்மவர்கள் முதல் மாதம் வீட்டுக்குப் போன் போட்டுப் புலம்பும்போது சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக வருவது தண்ணீர். ஜூலை மாதத்து வூஹானில் வெயில் மண்டையைப் பிளக்கும். வியர்த்து விறுவிறுத்து ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் கண்ணாடித் தம்ளரில் ஆவி பறக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். ஜில்லென்று வேண்டும் என்றால் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் வரும். அதற்குத் தனியாகக் காசு. வெந்நீர் இலவசம், குளிர்ந்த நீர் விலைக்கு. தலைவலி, சளி, வயிற்றுவலி, மாதவிடாய், மனக்கஷ்டம் என்று எதைச் சொன்னாலும் கிடைக்கிற முதல் மருந்து ‘சுடுதண்ணி நிறையக் குடி’ என்பதுதான். காதலிக்கு இதைத் தவிர வேறு ஆறுதல் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளைகளைக் கிண்டலடித்துச் சீன இணையத்தில் உலவும் துணுக்குகளுக்குக் கணக்கே இல்லை.

ஏன் இப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: காலங்காலமாக வந்த வழக்கம். குளிர்ச்சி வயிற்றுக்கும் மண்ணீரலுக்கும் ஆகாது என்கிறது சீன வைத்தியம். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது. சுக்கு வெந்நீரும் பிரசவப் பத்தியமும் பழகிய வீட்டிலிருந்து போனவர்கள் இதற்குச் சட்டென்று தலையாட்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் முழுதாக ஒப்பவில்லை. வெந்நீர் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை ஒன்று. நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் நினைத்த நேரத்தில் வெந்நீர் குடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே விறகு நிற்கிறது. ஒவ்வொரு தம்ளர் வெந்நீருக்கும் ஒரு தடவை அடுப்பு மூட்ட எந்த ஏழை வீட்டுக்கும் கட்டுப்படி ஆகாது. நம்பிக்கைக்கும் தம்ளருக்கும் இடையே ஒரு சாமான் வந்து உட்கார்ந்த பிறகுதான் வழக்கம் எல்லோருக்குமானது. அந்தச் சாமான் சீனாவில் பிறந்ததுகூட இல்லை.

1892இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு வெந்நீரைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. அவர் பிரச்சினை நேர் எதிரானது. வாயுக்களைத் திரவமாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற சரக்கு. சாதாரணப் பாத்திரத்தில் ஊற்றினால் அறைக் காற்றின் சூடே அதற்கு உலை வைத்துவிடும். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு குடுவையை வைத்து, கழுத்தில் மட்டும் இரண்டையும் இணைத்து, நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். காற்று இல்லாததால் வெப்பம் கடந்து வர வழி இல்லாமல் போனது. கண்ணாடியில் வெள்ளி ரசம் பூசியதால் கதிராக வருகிற வெப்பமும் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் போனது. 1898இல் ஹைட்ரஜனையே திரவமாக்கிக் காட்டியபோது அவருக்குக் கைகொடுத்ததும் இந்தக் குடுவைதான். நம்மூர்க் கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில் போட்டு வைத்திருக்கும் பானை வயிற்று அலுமினிய கேனைப் பார்த்திருப்பீர்கள். அது டியூவரின் நேர் வாரிசு. அப்பன் வழியிலேயே குளிரோடு இருந்துவிட்டது.

சூட்டின் பக்கம் போன வாரிசு பெர்லினில் வளர்ந்தது. ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடிக் கருவித் தொழிலாளி, சோதனைச்சாலையில் பொத்திப் பொத்திக் கையாள வேண்டியிருந்த அந்தக் குடுவைக்கு உலோகச் சட்டை போட்டு, உள்ளே ஆடாமல் இருக்கத் தாங்கல் வைத்து, வீட்டுச் சாமானாக்கினார். 1903இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு ‘தெர்மோஸ்’ என்ற பெயர் வந்தது. டியூவர் காப்புரிமையே எடுத்திருக்கவில்லை. பிறகு வழக்குப் போட்டுப் பார்த்தார்; தோற்றார். 1907க்குள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றிலும் தெர்மோஸ் கம்பெனிகள் இயங்கின. அங்கெல்லாம் ஃபிளாஸ்க் என்பது வெளியே போகிறவனின் சாமான். மலை ஏறுபவன், கார் ஓட்டுபவன், மீன்பிடிக்கப் போகிறவன், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஆலைக்குப் போகிற தொழிலாளி. வீட்டில் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை, அலமாரியில் தூங்கும்.

சீனாவில் அது வீட்டைவிட்டு வெளியே போகாத சாமானானது. ஏன் என்று தெரிய வேண்டுமானால், அது வந்து இறங்குவதற்கு முந்தைய ஷாங்காயைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சிய நீர் குடிப்பது சீனர்களுக்குப் புதிதல்ல என்பது உண்மைதான். தேநீர் பற்றி லு யூ தனி நூலே எழுதியது 8ஆம் நூற்றாண்டில். 12ஆம் நூற்றாண்டில் சோங் வம்சத்துக் குறிப்பு ஒன்று, வழிநடையில் போகிற சாமானியர்கூடக் காய்ச்சிய நீரைத்தான் குடிப்பார் என்கிறது. 1860களில் அமெரிக்காவில் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை போடப் போன சீனத் தொழிலாளிகளுக்கு, வெடிமருந்து வந்த பழைய மரப்பீப்பாய்களில் வெதுவெதுப்பான தேநீரைக் காவடியில் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்துகொண்டே இருப்பான். ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த வெள்ளைத் தொழிலாளிகளைப் போலச் சீனர்கள் வயிற்றுக்கடுப்பில் விழவில்லை. ஆனால் கவனியுங்கள்: அங்கே கொதிக்க வைப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தான், பக்கத்தில் காடும் இருந்தது.

யாங்ட்சி டெல்டாவில் காடு ஏது? ஒரு சாண் விடாமல் வயல். எரிக்கக் கிடைப்பது வைக்கோலும் உமியும் தட்டையும்தான். நகரத்தில் அதற்கும் விலை. ஷாங்காயின் சந்து வீடுகளில் ஒரே கட்டடத்துக்குள் நாலைந்து குடும்பம் ஒண்டிக் கிடந்தது. சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். 1883இலேயே வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று குழாய்த் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியிருந்தாலும், பெரும்பாலான ஜனங்களுக்கு ஆற்று நீரும் கிணற்று நீரும்தான். கோடை தோறும் காலரா பயம். ஆக, வெந்நீர் வேண்டும். அடுப்பு மூட்டவும் முடியாது. இந்த இக்கட்டில் பிழைத்தவைதான் தெருமுனை வெந்நீர்க் கடைகள். ‘புலி அடுப்பு’ என்று பெயர்.

புலி அடுப்பு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரிய செங்கல் மேடை. முன்பக்கம் கொப்பரைகள், நடுவில் உமியோ நிலக்கரியோ கொட்டுகிற ஓட்டை, பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கி. கொப்பரை இரண்டும் கண், புகைபோக்கி வால் என்று பார்த்தவர்களுக்குப் புலியாகத் தோன்றியிருக்கிறது. விடியுமுன் திறந்து நள்ளிரவு வரை ஓடும். கடைக்காரர் நீண்ட பிடிபோட்ட அகப்பையால் மொண்டு, புனல் வைத்து ஊற்றுவார். மாதக் கணக்கு வைத்திருக்கும் வீடுகள் முத்திரை குத்திய மூங்கில் சில்லுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு தடவைக்கு ஒன்றாகக் கொடுக்கும். நம்மூர் ரேஷன் டோக்கனுக்கு அண்ணன். சில கடைகளில் நாலு மேஜை போட்டுத் தேநீரும் விற்றார்கள். சிலவற்றில் பின்கட்டில் திரை கட்டிக் குளியலும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. வெந்நீரை வாங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி சூடு போய்விடும். மண்பானையைப் பஞ்சு மெத்தைக்குள்ளோ கூடைக்குள்ளோ பொதிந்து வைப்பார்கள். ஒரு மணி நேரம் தாங்கும், இரண்டு மணி நேரம் தாங்கும். விடியற்காலையில் முகம் கழுவ மறுபடி கடைக்குத்தான் ஓட வேண்டும்.

ஃபிளாஸ்க் வந்து நுழைந்தது சரியாக இந்த ஓட்டைக்குள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சரக்காக, பணக்காரர் வீட்டு அதிசயமாக வந்தது. 1920களில் ஷாங்காய்ப் பட்டறைகளே செய்ய ஆரம்பித்துவிட்டன. கண்ணாடி ஊதத் தெரிந்த கைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. வெளிச்சட்டையைத் தகரத்தில் செய்தால் விலை ஏறும் என்று மூங்கிலில் பின்னினார்கள். பெர்லின் உலோகச் சட்டையைக் கழற்றி மூங்கில் கூடைக்குள் உட்காரவைத்த நாளிலிருந்து அது சீனப் பொருள் என்பது என் கட்சி. மூங்கில் உறை போட்ட அந்த ரகம் பல பத்தாண்டுகளுக்கு ஏழை வீடுகளிலும் கிராமங்களிலும் ஓடியது. கீழே வைக்கும்போது தரையின் அதிர்ச்சியை மூங்கில் வாங்கிக்கொள்ளும் என்பதால் தகரத்தைவிட மேல் என்றே சொல்பவர்கள் உண்டு. தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குக்கூட ஷாங்காய் ஃபிளாஸ்க் கப்பலேறியது.

அளவைப் பார்த்தாலே பொருளின் வேலை மாறிவிட்டது புரியும். மேலைநாட்டு ஃபிளாஸ்க் பையில் செருகிக்கொள்கிற அளவு. சீன வீட்டு ஃபிளாஸ்க் 2 லிட்டர் அல்லது 3.2 லிட்டர். முழங்கால் உயரம் நிற்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலே ஒரு வளையப்பிடி, வாயில் கார்க் தக்கை. ஐந்து பவுண்டு, எட்டு பவுண்டு என்று பவுண்டுக் கணக்கில்தான் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். சாயங்காலம் புலி அடுப்பில் ஒரு ஃபிளாஸ்க் நிரப்பினால் இரவுத் தேநீர், படுக்குமுன் கால் அலம்ப வெந்நீர், மறுநாள் காலை முகம் கழுவ வெதுவெதுப்பான நீர் எல்லாம் அதிலேயே முடியும். 1950களிலும் 60களிலும் ஒரு ஃபிளாஸ்க் நிரப்ப ஒரு ஃபன் விலை, அதாவது யுவானில் நூறில் ஒரு பங்கு. நெருப்பு தெருமுனையில் எரிந்தது. சூடு மட்டும் வீட்டுக்கு வந்தது.

அரசாங்கம் இதில் நுழைந்தது கொஞ்சம் தாமதமாக. 1934 பிப்ரவரியில் நான்சாங் நகரில் சியாங் கை ஷேக் ‘நவவாழ்வு இயக்கம்’ தொடங்கியபோது எச்சில் துப்பாதே, பொத்தானைப் போடு என்பவற்றோடு காய்ச்சிய நீரைக் குடி என்பதும் போதனைகளில் ஒன்றாக இருந்தது. நகரத்துப் படித்தவர்களைத் தாண்டி அது பெரிதாகப் போகவில்லை. அடி ஆழமாக விழுந்தது 1952இல். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா கிருமி ஆயுதம் வீசுகிறது என்று பெய்ஜிங் குற்றம் சாட்டி, ‘தேசபக்தி சுகாதார இயக்கம்’ என்ற பெயரில் நாட்டையே கிளப்பிவிட்டது. ஈ அடிப்பது, எலி பிடிப்பது, சாக்கடை தோண்டுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது எல்லாம் தேசத் தொண்டாயின. பள்ளிக்கூடச் சுவரொட்டிகள் குழந்தைகளை நாளுக்கு மூன்று வேளை காய்ச்சிய நீர் குடிக்கப் பழக்கின. கிருமி ஆயுதக் குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

போதனை மட்டும் போதாது என்பது ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. ஆலை, அலுவலகம், பள்ளி, பட்டாளம், மருத்துவமனை எங்கும் கொதிநீர் அறை கட்டப்பட்டது. தெருமுனைப் புலி அடுப்பு அரசாங்க உடை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வளாகத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாய்லர், வரிசையாகக் குழாய்கள், ஆயிரம் பேருக்கு வெந்நீர். எரிபொருள் சிக்கனத்தில் இதை அடிக்க முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு நடக்க ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபிளாஸ்க் வேண்டும். பாய்லரும் ஃபிளாஸ்கும் ஒன்றில்லாமல் ஒன்றில்லை.

எல்லோருக்கும் வேண்டும் என்றதும் தட்டுப்பாடு வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஃபிளாஸ்க் வாங்கப் பணத்தோடு ‘தொழிற்பொருள் கூப்பன்’ என்ற சீட்டையும் நீட்ட வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்பட்ட சீட்டு அது. வாங்கப் போகிறவர் கடையில் ஒரு சடங்கு செய்வார். மூடியைக் கழற்றி, தக்கையைப் பிடுங்கி, ஃபிளாஸ்கின் வாயைக் காதோடு வைத்துக் கேட்பார். ‘ஙொய்’ என்று ஒரு ரீங்காரம் வந்தால் நல்ல சரக்கு. அப்புறம் சட்டையின் அடிமூடியைத் திருகிக் கழற்றி, குடுவையின் கீழ்நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கண்ணாடி வால் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். காற்றை உறிஞ்சி எடுத்தபின் உருக்கி அடைத்த இடம் அது. அந்த முனை துளி உடைந்தாலும் காற்று புகுந்து, ஃபிளாஸ்க் வெறும் பாட்டிலாகிவிடும். வாலைப் பார்ப்பது நியாயமான சோதனை. காதில் வைத்துக் கேட்பது அப்படியல்ல. சுற்றுப்புறச் சத்தம் எந்தக் குடுவைக்குள் போனாலும் இப்படித்தான் எதிரொலித்து இரையும்; வெற்றிடம் போன குடுவையும் அழகாக ரீங்கரிக்கும். பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியார்கள் இதைச் சொல்லாமல் இல்லை. அவர்களும் கடைக்குப் போனால் காதில் வைத்துத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

கல்யாணம் என்றால் இரட்டை. சிவப்புத் தகரச் சட்டை, மேலே செம்பியோனிப் பூக்கள் அல்லது ஒரு ஜோடி பறவைகள், நடுவில் இரட்டை மங்கலச் சின்னம். மணமகள் சீரில் எனாமல் முகம் கழுவும் பேசின் ஒரு ஜோடி, ஃபிளாஸ்க் ஒரு ஜோடி இல்லாவிட்டால் பேச்சு கிளம்பும். ஆலையில் அதிகம் உழைத்தவருக்கும் ஃபிளாஸ்கே பரிசு; ‘பரிசு’ என்ற எழுத்தைச் சிவப்பு மையில் பெரிதாக அச்சடித்துக் கொடுப்பார்கள். உள்கண்ணாடி உடைந்தால் சட்டையைத் தூக்கிப் போடமாட்டார்கள். நம்மூரில் ‘ரீஃபில்’ வாங்கி மாட்டுகிற மாதிரி கண்ணாடியை மட்டும் தனியே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இப்படி அம்மா கல்யாணத்துச் சட்டைக்குள் மகள் காலத்துக் கண்ணாடி இருக்கும்.

பெய்ஜிங்கில் ஐஸ் குச்சி விற்றவர்கள்கூட ஃபிளாஸ்கை விடவில்லை. வாய் அகன்ற ஃபிளாஸ்குகளுக்குள் குச்சி ஐஸை அடுக்கித் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். டியூவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நான் அந்தச் சாமானோடு பழகியது வடக்கே தியான்ஜினில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். விடுதி அறைகளில் கெட்டில் கூடாது. தீப்பிடிக்கும் என்று விதி, மீறிச் செருகினால் அறைக்கே மின்சாரம் போய்விடும். ஆகவே காலை, மாலை குறிப்பிட்ட நேரங்களில் கொதிநீர் அறைக்குப் போக வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில் அட்டையை வைத்தால் தண்ணீர் கொட்டும், எடுத்தால் நிற்கும், அட்டையிலிருந்து காசு சொட்டுச் சொட்டாகக் குறையும். காலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் காலி ஃபிளாஸ்கைக் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது நிரப்பி எடுத்துப் போவார்கள். பகல் முழுதும் சுவரோரம் நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் ஃபிளாஸ்குகள் நிற்கும்: சிவப்பு, பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. எல்லாம் ஒரே அச்சு என்பதால் அறை எண்ணைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருப்பார்கள். நெயில் பாலிஷில் பூ வரைந்திருப்பார்கள். அப்படியும் காணாமல் போகும். காணாமல் போனவன் பக்கத்திலிருப்பதை எடுப்பான். அதன் சொந்தக்காரன் அடுத்ததை எடுப்பான். செமஸ்டர் முடிவதற்குள் எந்த ஃபிளாஸ்க் யாருடையது என்பது யாருக்கும் தெரியாத நிலை வந்துவிடும். இரண்டு கையிலும் ஃபிளாஸ்க் தூக்கிப் பெண்கள் விடுதி வாசல்வரை நடக்கிற பையனுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் காதல் கடிதம் தேவையில்லை.

கொதிநீர் அறையில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒருத்தி புதுசாக வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பனிக்காலத்தில் வெளியே சில்லிட்டுக் கிடந்த ஃபிளாஸ்கில் நேரே கொதிநீரைத் திறந்தால் உள்கண்ணாடி ‘டப்’பென்று வெடிக்கும். வெள்ளிச் சில்லுகளும் வெந்நீரும் காலடியில் சிதறும். “கொஞ்சம் ஊத்து. சுத்திக் கொட்டு. அப்புறம் நிரப்பு” என்று சைகையாலேயே சொல்லித் தருவாள். வாய்வரை ஊற்றவும் விடமாட்டாள். தக்கைக்குக் கீழே இரண்டு விரற்கடை காலி வேண்டும், அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கும் என்பாள். அது சரிதான், தண்ணீர் தக்கையைத் தொட்டால் சூடு தக்கை வழியாகவே ஏறிப் போய்விடும்.

வடக்கத்தித் தண்ணீர் உப்புத் தண்ணீர். சில வாரத்தில் ஃபிளாஸ்கின் உள்சுவரில் மஞ்சளாக ஒரு படலம் ஏறும். தம்ளரில் ஊற்றினால் வெள்ளைத் துணுக்குகள் மிதந்து வந்து அடியில் உட்காரும். புதியவர்கள் மிரண்டு கொட்டிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் அது தெளியக் காத்திருந்து மேல்தண்ணீரைக் குடிப்பார்கள். மாதத்துக்கொருமுறை சமையல் வினிகரை ஊற்றி ஊறவைத்துக் குலுக்கினால் படலம் கழன்றுவரும். அன்று முழுக்க வெந்நீரில் ஊறுகாய் வாடை அடிக்கும்.

ஓடுகிற ரயிலிலும் இதே ஏற்பாடு. பழைய பச்சைப் பெட்டி ரயில்களில் ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் நிலக்கரி பாய்லர் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. இன்று பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு நாலரை மணி நேரத்தில் பறக்கும் ரயிலில் நிலக்கரி இல்லை, மின்சார பாய்லர் இருக்கிறது. பெட்டி தோறும் இருக்கிறது. 1992இல் தியான்ஜினிலிருந்து விற்பனைக்கு வந்த காங்ஷிஃபு கிண்ண நூடுல்ஸ் சீன ரயில் பயணிகளின் தேசிய உணவானதற்குக் காரணம் அந்தக் குழாய்தான். பெட்டி முழுதும் மாட்டிறைச்சி மசாலா மணக்கும். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேலே ஏறிப் போகிற லாசா ரயிலிலும் நூடுல்ஸ் உண்டு. அந்த உயரத்துக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 85 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடும். மூடியை மூடிவிட்டுக் கூடுதல் நேரம் பொறுமையாக இருக்க வேண்டும்.

பெரிய ஃபிளாஸ்கின் ராஜ்ஜியம் 1990களில் ஆட்டம் கண்டது. கேன் தண்ணீரைக் கவிழ்த்து வைத்துச் சூடும் குளிருமாகக் கொடுக்கும் இயந்திரம் அலுவலகங்களுக்கு வந்தது. மின்சாரக் கெட்டில் வீடுகளுக்கு வந்தது. நினைத்தவுடன் கொதிக்க வைக்க முடியுமென்றால் சேர்த்து வைப்பானேன்? ஷாங்காயில் கடைசிப் புலி அடுப்பும் 2010களில் மூடப்பட்டது. விடுதிகளிலும் மாடிக்கு மாடி குழாய் வந்துகொண்டிருக்கிறது. பழைய ஃபிளாஸ்கை இப்போது நிச்சயமாகப் பார்க்க வேண்டுமானால் மருத்துவமனைக்குப் போகலாம். நோயாளிக்குத் துணையிருப்பவர் கையில் இருக்கும், நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ஹார்லிக்ஸ் ஃபிளாஸ்க் இருப்பதைப் போல. அல்லது தொலைக்காட்சியில் மக்கள் மாமண்டபத்துக் கூட்டங்களைப் பார்க்கலாம். சீருடைப் பெண்கள் வரிசை பிசகாமல் வந்து, தலைவர்களின் மூடிபோட்ட கோப்பைகளில் ஒரே சாய்வில் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போவார்கள். அரசியலைவிட அதைப் பார்ப்பது சுவாரசியம்.

சாமான் ஒதுங்கியது, அது ஏற்படுத்திய ஏக்கம் ஒதுங்கவில்லை. அதன் இடத்தைப் பிடித்தது துருப்பிடிக்காத எஃகுக் கோப்பை. இந்த ரகத்துக்கு வழிகாட்டியவர்கள் ஜப்பானியர்கள். ஜப்பானிய நிறுவனமான நிப்பான் சான்சோ 1978இல் எஃகு ஃபிளாஸ்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1989இல் தெர்மோஸ் என்ற பெயரையே விலைக்கு வாங்கிவிட்டது. ஆனால் உலகத்துக்குச் செய்து தள்ளுகிற ஊர் செஜியாங் மாகாணத்து யோங்காங். உலோக வேலைக்குப் பேர்போன ஊர். எஃகுத் தகட்டைக் குழாயாக வளைத்து, உள்ளொன்று வெளியொன்றாகப் பற்றவைத்து, சூளைக்குள் காற்றை உறிஞ்சி அடைத்து வெளியே அனுப்புகிறார்கள். வால் உடையும் கவலை இல்லை, காதில் வைத்துக் கேட்கிற சடங்கும் போய்விட்டது. சிலவற்றின் மூடியைத் தொட்டால் உள்ளே எத்தனை டிகிரி என்று எண்ணே ஒளிர்கிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொள்கலன் கொள்கலனாகப் போகிற கோப்பைகளில் கணிசமானவை ஐஸ் போட்ட பானத்துக்காகவே வாங்கப்படுகின்றன.

உள்ளூரில் அந்தக் கோப்பைக்கு வயதாகிவிட்டது என்ற பேச்சு 2017 ஆகஸ்டில் கிளம்பியது. கருஞ்சிறுத்தை என்று பொருள்படும் ‘ஹெய்பாவ்’ ராக் இசைக்குழு 1990களில் இளைஞர்களைப் பித்துப் பிடிக்க வைத்த குழு. அதன் டிரம்மர் ஜாவ் மிங்யி கையில் எஃகு ஃபிளாஸ்கோடு நிற்கும் படம் இணையத்தில் பரவியது. மேடையில் முடியைச் சிலுப்பியவனே ஃபிளாஸ்க் தூக்க ஆரம்பித்துவிட்டானா என்று ஒரு தலைமுறையே அதிர்ந்தது. அதில் கோஜி பழம் மிதக்கிறதா என்று விசாரித்தது. நடுவயது என்றால் தொப்பை, வழுக்கை, ஃபிளாஸ்கில் ஊறும் கோஜி என்று அன்றிலிருந்து முடிவாகிவிட்டது. ஜாவ் மிங்யிக்கு அதில் கோபம் இல்லை; சிரித்துவிட்டு ஃபிளாஸ்கோடேயே வலம் வந்தார்.

ஷாங்காய் அலுவலகங்களில் இருபத்தைந்து வயதுக்காரர்கள் இன்று காலையில் குடிப்பது ஐஸ் அமெரிக்கானோ. பனிக்காலத்திலும் அதுதான், வேலைக்கு உயிரோடிருக்க அது வேண்டும் என்பார்கள். அம்மாக்கள் வீடியோ அழைப்பில் வந்தால் கோப்பையைத் திரைக்கு வெளியே நகர்த்திவிடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு வயிறு லேசாக முறுக்கும்போது மேஜை இழுப்பறையிலிருந்து எஃகு ஃபிளாஸ்க் வெளியே வரும், வெந்நீர்க் குழாய்க்கு முன்னால் வரிசை சேரும்.